அவிர்பாகம் பெற வந்த தியாகேசர்

வேள்வித் தீயில் தேவர்களுக்கென இடப்படும் உணவுக்கு 'அவி' என்று பெயர். அதில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய பங்கே 'அவிர்பாகம்'. சிவபெருமானுக்குரிய அவிர்பாகத்தை மறுத்ததனால்தான் தட்சனுடைய வேள்வி அழிந்தது என்பதை நாம் அறிவோம். அந்தப் பங்கு யாரைச் சேர வேண்டும் என்ற கேள்விக்குக் காவிரி நாடு ஒரு விடை சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லும் தலம், திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்து, அரசலாற்றங்கரையில் உள்ள அம்பர் மாகாளம்.

கிரேக்க நாட்டுப் பலி

பலியும் வேள்வியும் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வழிபாட்டின் மையமே பலிதான். நம் பலிபீடம் கருவறைக்கு வெளியே அமைந்திருப்பதைப் போல, அவர்களுடைய பலிமேடையும் ஆலயத்துக்கு வெளியே, திறந்த வெளியில் இருந்தது. பலிப்பிராணியை ஊர்வலமாக அழைத்து வந்து, நீர் தெளித்து, வாற்கோதுமை தூவுவார்கள். கொழுப்பில் சுற்றிய தொடை எலும்புகளைத் தீயிலிடுவார்கள். மேலெழும் புகை தெய்வங்களின் பங்கு. இறைச்சி மக்களின் பங்கு. ஏதென்ஸ் நகரின் பெருவிழாவில் அதை ஊர்ப் பிரிவுவாரியாகப் பகிர்ந்தளித்தார்கள். அந்தப் பங்கைப் பெறுவதே ஒருவன் அந்நகரத்தான் என்பதற்கு அடையாளமாக இருந்தது.

உயிர்ப்பலியை மறுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். எம்பெடோகிளீஸ் என்ற ஞானி தேனும் வாற்கோதுமை மாவும் கொண்டு காளை உருவம் செய்து அதையே பலியிட்டார் என்று சொல்வர். நம் நாட்டில் 13ஆம் நூற்றாண்டில் மத்வாசாரியார், வேள்வியில் விலங்குக்கு மாற்றாக மாவினால் செய்த உருவத்தை வைக்கும் முறையை ஆதரித்தார். இன்று நாம் குங்குமம் தடவிய பூசணிக்காய் உடைப்பதும் இந்த வழியில் வந்ததே.

தூதுவளை தந்த உறவு

அறுபத்து மூவருள் ஒருவரான சோமாசிமாற நாயனார் அம்பரில் பிறந்தவர். சோமயாகம் பல செய்தவர். அவருடைய வரலாற்றைப் பெரியபுராணம் சுருக்கமாகவே சொல்கிறது. தலபுராணம் அதை விரித்துரைக்கிறது.

தாம் செய்யும் வேள்விக்குத் திருவாரூர்த் தியாகேசரே நேரில் எழுந்தருளி அவிர்பாகம் பெற வேண்டும் என்பது நாயனாரின் ஆசை. அதற்காகச் சுந்தரரின் நட்பை நாடி, நாள்தோறும் அவர் இல்லத்துக்குத் தூதுவளைக் கீரை அனுப்பி வந்தார். சுந்தரரும் விண்ணப்பித்தார். இறைவனும் இசைந்தார், ஆனால் எந்தக் கோலத்தில் வருவேன் என்று சொல்லவில்லை.

வைகாசி ஆயில்யத்தன்று வேள்வி நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் கோலத்தில் ஒருவர் பறையொலியோடு வந்தார். தோளில் இறந்த கன்று. உடன் நான்கு நாய்கள். தலையில் கட்குடம் சுமந்த மனைவி; இரு சிறுவர்கள். வேள்வி தீட்டுப்பட்டது என்று வேதியர் எழுந்து ஓடினர். நாய்களாக வந்தவை நான்கு வேதங்கள் என்பதை, அவ்வேதங்களை ஓதியவர்களே அறியவில்லை.

நாயனாரும் அஞ்சினார். விநாயகர் அவர் அச்சத்தைத் தீர்த்தருளினார். நாயனாரும் மனைவியாரும் வந்தவரை வணங்கி வரவேற்று அவிர்பாகம் அளித்தனர். அக்கணமே தியாகேசர் அம்பிகையோடு விடைமேல் காட்சி தந்தார்.

பங்கு யாருக்கு?

கிரேக்கரின் பலி, ஊருக்குள் இருப்பவர் யார் என்பதைக் காட்டியது. அம்பரின் வேள்வியில், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவராக இறைவனே வந்து தம் பங்கைக் கேட்டார். பாடம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நாம் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் அனைவருக்கும் திறந்தது 1939ஆம் ஆண்டில்தான்.

அம்பர் மாகாளத்தில் அருள்பவர் மாகாளநாதர். அம்பிகையின் திருநாமம் அச்சம் தவிர்த்த நாயகி. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற இத்தலத்தில் ஆண்டுதோறும் வைகாசி ஆயில்யத்தில் சோமயாக விழா நடைபெறுகிறது. மயிலாடுதுறை – திருவாரூர் தடத்தில் பூந்தோட்டத்தில் இறங்கிச் செல்லலாம்.

அன்னதானப் பந்தியில் நமக்கு அருகில் அமர்பவர் யார், எந்த ஊர் என்று கேட்கத் தோன்றும்போது, கன்றைச் சுமந்து வந்த அந்தக் கோலத்தை ஒருகணம் நினைத்துக்கொள்வோம். நாயனார் அன்று அஞ்சினாலும், இலையில் பங்கு வைக்கத் தவறவில்லை.