147க்குப் பிறகு 148

கொல்கத்தா நகரின் தெற்கே ஜாதவ்பூர் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் உண்டு. 1955இல் தொடங்கியது. மாணவர்கள் இருக்கும் இடத்தில் ஜெராக்ஸ் கடைகளும் இருக்கும். 300 பக்கப் புத்தகம் வரும். பத்துப் பிரதி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனாலும் வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுவார்.

நூறு பக்கம் தாண்டினால் நம்மில் பலருக்குக் கவனம் சிதறும். கை வேலை செய்யும். மனம் எங்கோ போய்விடும். ஆனால் சிலருக்கு இந்த வேலைதான் பிடிக்கும். 147ஆம் பக்கத்துக்குப் பிறகு 149 வந்தால் அவர்கள் கண் அங்கேயே நின்றுவிடும். அதைச் சரி செய்யாமல் அடுத்த தாளைத் தொடமாட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலரிடம் இந்தக் குணம் உண்டு.

ஆட்டிசம் என்றால் என்ன? அது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. தொற்று நோய் அல்ல. தாயின் வளர்ப்பால் வருவதும் அல்ல. சிலர் பேசமாட்டார்கள். சிலர் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். இரைச்சலும் கூட்டமும் பலரை வாட்டும். 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது.

"எங்களுக்குப் பிறகு இவன் என்ன செய்வான்?" பெற்றோரின் கவலை இதுதான். கொல்கத்தாவில் இப்படிக் கவலைப்பட்ட பெற்றோர் 2001இல் 'ஆட்டிசம் சொசைட்டி வெஸ்ட் பெங்கால்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள்.

டென்மார்க் நாட்டில் ஒரு தந்தைக்கும் இதே கவலை. அவர் பெயர் தோர்கில் சோனே. டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆட்டிசம் உள்ள அவருடைய சிறு மகன் ஒருநாள் ஐரோப்பாவின் படத்தை வரைந்தான். அதில் கட்டங்கள், எண்கள். சாலை வரைபடப் புத்தகத்தில் அதே படம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு எண்கூடத் தப்பவில்லை! பையன் அதை நினைவிலிருந்தே வரைந்திருந்தான். 2004இல் சோனே ஒரு கம்பெனி தொடங்கினார். கம்ப்யூட்டர் நிரல்களில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. அதற்கு ஆட்டிசம் உள்ளவர்களைச் சேர்த்தார். பிறகு எஸ்.ஏ.பி. என்ற பெரிய கம்பெனியும் இதைச் செய்தது. அதன் பெங்களூர் அலுவலகம் இதில் முன்னால் நின்றது.

ஆட்டிசம் உள்ள எல்லாரும் இப்படி இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். சினிமாவில்தான் அப்படிக் காட்டுவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். வேலை செய்யக்கூடியவர்களும் எல்லாரும் கம்ப்யூட்டர் முன் உட்காரப் போவதில்லை. பொட்டலம் கட்டலாம். ரொட்டி சுடலாம். தாள்களை அடுக்கலாம்.

அவர்களிடம் இன்னொரு குணமும் பார்க்கலாம். மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். கல்லாவில் பத்து ரூபாய் கூடுதலாக இருந்தால் சொல்வார்கள். முதலாளி கணக்கில் தவறினாலும் முகத்துக்கு நேரே சொல்வார்கள். இது எல்லா முதலாளிக்கும் பிடிக்காது!

வேலை கிடைப்பதுதான் சிரமம். "கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, ஆள் சரியில்லை" என்று நேர்முகத் தேர்விலேயே தள்ளிவிடுகிறார்கள். பேச வைத்துப் பார்ப்பதை விட ஒரு நாள் வேலை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

சொல்லும் முறையும் முக்கியம். "கடையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு முதலாளி டீ குடிக்கப் போகிறார். ஆட்டிசம் உள்ளவர் கடையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அது அவர் குற்றம் அல்ல. "யாராவது வந்தால் தாளை வாங்கி வை. நான் நாலு மணிக்கு வருவேன்" என்று சொன்னால் போதும். அப்படியே செய்வார். நாலு மணிக்கு முதலாளி வராவிட்டால்தான் அவர் தவித்துப்போவார்.

1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 2016இல் வந்த சட்டத்தில் சேர்த்தார்கள். அரசு வேலையில் நூற்றுக்கு 4 இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அதில் ஒரு இடத்தை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் போன்றவை உள்ளவர்களுக்குச் சேர்த்து ஒதுக்கினார்கள். அதைக் கேட்க அரசு மருத்துவக் குழு தரும் சான்றிதழ் வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று அதில் இருக்க வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் ஒன்று உள்ளது. பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் பெற்றோர் அங்கே போய்க் கேட்கலாம்.