நூறில் நான்கு வெற்றிடங்கள்

பீசமானக் கணக்குகளில் சேர்வையின் சூத்திரம் மாறாதது. உண்மையான பளிங்கு அப்படியல்ல.

ஒரு யுரேனியம் அணுவுக்கு இரண்டு தெலூரியம் அணுக்கள் கொண்ட சேர்வையொன்று 1.6 கெல்வினில் மின்தடையை முற்றாக இழந்து மீகடத்தியாவது 2019இல் வெளியானது. சாதாரண மீகடத்தியில் எதிரெதிர்ச் சுழற்சியுள்ள இலத்திரன் சோடிகளை வலிய காந்தப்புலம் பிரித்துவிடும். இதுவோ ஒரு திசையில் 35 தெஸ்லாவையும் தாங்கியது; இதன் சோடிகள் ஒரே திசையில் சுழல்கின்றன போலும்.

ஆனால் அதே பெயரிலான சில பளிங்குகள் மீகடத்தவே இல்லை. ஆராய்ந்தால், யுரேனியம் இருக்கவேண்டிய நூறு இடங்களில் ஏறத்தாழ நான்கு வெறுமை!

2022இல் யப்பானிய ஆய்வாளர்கள் உருக்கிய சோடியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டுக் கலவையில் பளிங்கு வளர்த்தனர். (நம் ஆய்வுகூட அலமாரி உப்புகள்தான்.) வெற்றிடங்கள் குறைந்தன, மீகடத்தும் வெப்பநிலை 2.1 கெல்வினாயிற்று. முந்திய பளிங்குகள் சில இரண்டு படிகளில் மீகடத்தியாகின. தூயவை ஒரே படியில். இரண்டு படிகளை நம்பி எழுதிய கோட்பாடுகளை மறுபடி பார்க்கவேண்டியதாயிற்று.