நூறு சதவீதப் பொருத்தமும் ஒரு சின்னச் சந்தேகமும்

'பார்த்தவுடனே காதல்'னு சொன்னா நமக்கு ஸ்லோ மோஷனும் பின்னணி இசையும்தான் ஞாபகம் வரும். ஜப்பானிய எழுத்தாளர் ஹாருகி முரகாமியின் குட்டிக் கதை ஒன்றில் (1981) அது எதுவுமே கிடையாது.

ஏப்ரல் மாதக் காலை, டோக்கியோவின் ஹராஜுகு பகுதி. எதிரே வரும் பெண்தான் தனக்கு நூறு சதவீதம் பொருத்தம் என்று கதைசொல்லிக்குத் தோன்றுகிறது. என்ன பேசலாம்னு யோசிக்கிறதுக்குள்ள அவள் கடந்துவிடுகிறாள். அப்புறம் நினைத்துப் பார்த்தால், அவள் மூக்கு எப்படி இருந்ததுன்னுகூட ஞாபகம் இல்லை!

பிறகு, அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு கதையாகக் கட்டுகிறான். அதில் 18 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் தயங்காமல் பேசிவிடுகிறார்கள். ஆனால் ஒரு சந்தேகம்: உண்மையான பொருத்தம்தானா? பிரிந்து சோதித்துப் பார்க்கிறார்கள். காய்ச்சல் வந்து இருவருக்கும் நினைவுகள் அழிகின்றன. பிறகு கிடைப்பதெல்லாம் 75, 85 சதவீதக் காதல்தான் (நம்ம அட்டெண்டன்ஸ் மாதிரி!). பல வருஷம் கழித்து எதிரெதிரே வந்தும் பேசாமலே கடந்துபோகிறார்கள்.

கவனிச்சீங்களா? வெளிக்கதையில் தயக்கம், உள்கதையில் சந்தேகம், முடிவு ஒன்றுதான். என் வாசிப்பில், அந்த உள்கதை அவன் தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். 'விதி பிரிச்சிடுச்சு'ன்னு சொல்லிட்டா, 'எனக்குத் தைரியம் வரல'ன்னு ஒத்துக்க வேண்டியதில்லை பாருங்க. நாமும் எத்தனை விஷயத்துக்கு இப்படிக் கதை கட்டி வெச்சிருக்கோம்?