கோல்ட்ரேனின் சுரவெள்ளம்

ஜாஸ் இசையில் ஜான் கோல்ட்ரேன் அளவுக்குக் குறுகிய காலத்தில் இத்தனை இசையைப் பதிந்துவிட்டுச் சென்றவர்கள் மிகச் சிலரே. 1926 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்னும் சிற்றூரில் பிறந்து, 1967 ஜூலை 17 அன்று 40 வயதில் ஈரல் புற்றுநோயால் மறைந்த அவர், தம் பெயரில் இசைத்தட்டுகளைப் பதியத் தொடங்கியது 1957இல்தான். அதாவது, இன்று அவரது சாதனை என்று பேசப்படுவது முழுவதும் ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளின் விளைச்சல். பிரெஸ்டிஜ் நிறுவனத்துக்காக அவர் வாசித்தவை பிற்காலத்தில் தொகுக்கப்பட்டபோது 16 குறுந்தகடுகள் நிறைந்தன. அடுத்து வந்த அட்லாண்டிக் நிறுவனப் பதிவுகள் 7 தகடுகளாயின. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு விடுதியில் 1961 நவம்பரில் நான்கு இரவுகள் வாசித்தது மட்டுமே 4 தகடுகளாக வந்திருக்கிறது. புதிதாகக் கேட்க வருபவருக்கு இந்தப் பெருக்கே முதல் தடையாகிவிடுகிறது. ஆனால் இவற்றைத் தனித்தனி வெளியீடுகளாகக் கருதாமல், ஒரு கேள்வியை எடுத்து, அது தீரும்வரை குடைந்து, தீர்ந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு நகரும் ஒரு மனத்தின் தொடர்ந்த வேலையாகக் கொண்டால், எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்பது தானே துலங்கும்.

அவரது கருவியான சாக்சபோன், பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் உருவாக்கி 1846இல் காப்புரிமை பெற்றது. பித்தளையால் ஆனதாயினும், வாயில் பொருத்தும் நாணல் பட்டை அதிர்வதால் ஒலி பிறப்பதால், இசையியலார் அதை மரக்குழல் வகையிலேயே சேர்ப்பர். தமிழ் ரசிகர்களுக்குக் கதிரி கோபால்நாத் வழியாக ஆல்டோ சாக்சபோன் நன்கு அறிமுகம். கோல்ட்ரேன் பெரிதும் வாசித்தது அதைவிடத் தாழ்ந்த சுருதியுடைய டெனர். ஜாஸ் கச்சேரியின் அமைப்பும் தமிழ் ரசிகருக்கு முற்றிலும் அந்நியமன்று. முதலில் ஒரு மெட்டு வாசிக்கப்படும். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் உள்ள கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகள், அதே வரிசையில் சுற்றுச் சுற்றாகத் திரும்பி வர, அவற்றுக்குப் பொருந்த ஒவ்வொரு கலைஞரும் மனோதர்மமாகப் புதிய மெட்டுகளைக் கட்டுவர். முடிவில் மூல மெட்டுக்குத் திரும்புவர். கர்நாடகக் கலைஞருக்கு ராகம் எல்லை வகுப்பதுபோல் ஜாஸ் கலைஞருக்கு அந்தக் காலத்தில் எல்லை வகுத்தவை கார்டுகளே.

ஃபிலடெல்ஃபியாவில் இசை பயின்று, டிஸி கில்லெஸ்பி முதலியோரின் குழுக்களில் வாசித்து, 1955இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் இடம்பெற்ற கோல்ட்ரேன், ஹெராயின் பழக்கத்தால் 1957இல் அங்கிருந்து விலக்கப்பட்டார். அந்த ஆண்டிலேயே போதையை உதறினார். பியானோ மேதை திலோனியஸ் மங்க்கின் குழுவில் சேர்ந்து, நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் மாதக்கணக்கில் வாசித்தார். அவரது கலை உருவானது அந்த விடுதி மேடையில்தான் என்று சொன்னால் மிகையாகாது. மங்க் நடுவில் எழுந்துவிட, பியானோவின் துணையில்லாமல் நீண்ட நேரம் தனித்து வாசிக்க வேண்டியிருந்த அந்த இரவுகளுக்குப் பிறகு, 1958இல் டேவிஸிடம் திரும்பிய கோல்ட்ரேன் வேறு கலைஞராக இருந்தார். ஒரு கார்டு ஒலிக்கும் இடத்தில் அதனோடு உறவுள்ள மூன்று நான்கு கார்டுகளின் சுரங்களையும் மூச்சு விடாமல் அடுக்கிவிடும் அந்த வாசிப்பை, விமர்சகர் ஐரா கிட்லர் ஒலிப் பாளங்கள் என்று வருணித்தார். எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை என்று கோல்ட்ரேன் குறைபட, கருவியை வாயிலிருந்து எடுத்தால் போதும் என்று டேவிஸ் பதில் சொன்னதாக ஒரு கதை ஜாஸ் உலகில் வழங்குகிறது.

கார்டுகள் பற்றிய அந்தக் கேள்வி அதன் எல்லையைத் தொட்டது 1959 மே மாதத்தில் பதிவான 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற படைப்பில். 16 தாள அளவைகள் கொண்ட ஒரு சுற்றில் 26 முறை கார்டு மாறுகிறது. ஆதார சுருதியே மூன்று இடங்களுக்கு இடையில் தாவிக்கொண்டிருக்கிறது. வாசித்த வேகத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 13 விநாடிகளில் முடிந்துவிடுகிறது. நொடிக்கு இரண்டு முறை கார்டு மாறும் இந்தப் பாதையில் கோல்ட்ரேன் தடுக்காமல் ஓடுகிறார். அனுபவம் மிக்க பியானோ கலைஞர் டாமி ஃபிளானகனோ, தம் முறை வந்ததும் சில சுற்றுகள் தட்டுத்தடுமாறி, இறுதியில் வெறும் கார்டுகளை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்குகிறார். இங்கே ஒன்றைக் கூர்ந்து கேட்க வேண்டும். கோல்ட்ரேனின் வாசிப்பைச் சுரப்படுத்திப் பார்த்தால், ச ரி க ப என்னும் நான்கு சுரக் கோவை, மாறும் ஒவ்வொரு ஆதாரத்திலும் மீண்டும் மீண்டும் வருவது தெரியும். நொடியில் பிறந்ததுபோல் ஒலிப்பதில் பெரும்பகுதி, மாதக்கணக்கான சாதகத்தில் விரலுக்கும் மூச்சுக்கும் பழக்கி வைத்த சொற்கட்டுகளே. இது அவர் புகழுக்குக் குறைவு அன்று. அவரது பெருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை. சக கலைஞர்கள் பலர் நினைவுகூர்வதும் அவரது ஓயாத சாதகத்தைத்தான். கச்சேரியின் இடைவேளையிலும் அவர் வாசித்துக்கொண்டே இருப்பாராம். அதே இசைத்தட்டில், முதல் மனைவியின் பெயரைத் தாங்கிய 'நைமா' என்னும் மெல்லிய படைப்பில், டபுள் பாஸ் பெரும்பாலும் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, மேலே கார்டுகள் மட்டும் நிதானமாக நிறம் மாறுகின்றன. ஒரு வழியின் முடிவும் அடுத்த வழியின் தொடக்கமும் ஒரே தட்டில் அமைந்துவிட்டன.

அந்த அடுத்த வழிக்கு ஜாஸ் உலகில் மோடல் இசை என்று பெயர். கார்டுகளின் தொடர் மாற்றத்தை விட்டுவிட்டு, ஒரே சுர வரிசையில் நெடுநேரம் தங்கி அதை ஆராய்வது இதன் இலக்கணம். 1959இல் வெளிவந்த டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இதன் முதன்மைச் சான்று. அதில் கோல்ட்ரேனும் வாசித்திருக்கிறார். அத்தட்டின் முதல் படைப்பு அமைந்துள்ள டோரியன் என்னும் சுர வரிசை, கமகங்களை நீக்கிப் பார்த்தால், கரகரப்பிரியாவின் ஆரோகண அவரோகணமே.

1960 அக்டோபரில் தம் சொந்தக் குழுவுடன் கோல்ட்ரேன் பதிந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' இந்த வழியில் அவர் கண்ட பெருவெற்றி. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் நாடகத்துக்காக ரோஜர்ஸ், ஹேமர்ஸ்டைன் இருவரும் ஆக்கிய, குழந்தைகளும் பாடக்கூடிய எளிய பாட்டு அது. கோல்ட்ரேன் இதற்குச் சொப்ரானோ சாக்சபோனை எடுத்தார். நீண்டு நேராக இருக்கும் அந்தக் கருவி, நாகசுரத்தை நினைவூட்டும் மூக்கொலி உடையது. திஸ்ர நடையில் பியானோ கலைஞர் மெக்காய் டைனர் இரண்டே கார்டுகளை ஊஞ்சலாட்டிக்கொண்டிருக்க, மெட்டின் முதல் வரிகளை மட்டும் சொல்லிவிட்டுக் கோல்ட்ரேன் விரிவுரைக்குள் நுழைகிறார். பாட்டின் முடிவுப் பகுதியைக் கடைசியில் ஒரே முறைதான் வாசிக்கிறார். ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் இந்தப் பதிவு பொதுமக்களிடையே பரவியது. பிறகு அவர் அந்தப் பாட்டை விடவேயில்லை. 1963 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அது மேலும் நீண்டு, மேலும் சூடேறி ஒலிக்கிறது. 1966 ஜூலையில் டோக்கியோவில் 57 நிமிடங்களுக்கு விரிகிறது. 1967 ஏப்ரலில் நியூயார்க்கின் ஹார்லெமில், மறைவுக்கு மூன்று மாதம் முன்பு வாசித்தபோது மூல மெட்டு ஒரு மின்னல்போல் தோன்றி மறைகிறது. கோல்ட்ரேனைப் புரிந்துகொள்ள விரும்புபவர் அவரது எல்லாத் தட்டுகளையும் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த ஒரு பாட்டின் பதிவுகளை ஆண்டு வரிசையில் கேட்டாலே அவரது பயணத்தின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. சக கலைஞர் எரிக் டால்ஃபியுடன் சேர்ந்து அவர் நிகழ்த்திய நீண்ட கச்சேரிகளை, 1961இல் 'டவுன் பீட்' இதழில் எழுதிய ஜான் டைனன் ஜாஸுக்கே எதிரான இசை என்று கண்டித்தார். அதற்கு அடுத்த ஆண்டு அதே இதழில் கோல்ட்ரேனும் டால்ஃபியும் பொறுமையாக விளக்கமளித்தனர். கண்டனத்தில் சிறிது நியாயமும் உண்டு: ஒரு சுர வரிசையில் அரைமணி நேரம் தங்கும்போது சில இடங்களில் தேடல் மட்டுமே மிஞ்சி, கண்டடைதல் நிகழாமல் போகிறது. ஆயினும், சுருக்கமாகவும் அவரால் பேச முடியும் என்பதற்கு 'பேலட்ஸ்' என்னும் தட்டு சாட்சி. பழைய காதல் பாட்டுகளை ஏறக்குறைய அலங்காரமே இல்லாமல் வாசித்திருக்கும் அது, புதியவர் நுழைவதற்கு மிகத் தக்க வாசல். 1963 மார்ச் 6 அன்று தம் நால்வர் குழுவுடன் ஒரு நாள் முழுதும் புதிய படைப்புகளைப் பதிந்தவர், மறுநாளே அதே நியூஜெர்சிக் கூடத்தில் பாடகர் ஜானி ஹார்ட்மனுக்குப் பக்கவாத்தியம்போல் பணிந்து வாசித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்ததற்குப் பின் அவர் பதிந்த 'அலபாமா', ஏறத்தாழ ஐந்து நிமிடமே ஓடும் இரங்கற்பா.

மெக்காய் டைனர், டபுள் பாஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் ஆகியோர் அடங்கிய அந்த நால்வர் குழுவின் உச்சம், ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரின் அதே நியூஜெர்சிக் கூடத்தில் 1964 டிசம்பர் 9 அன்று பதிவான 'எ லவ் சுப்ரீம்'. இரு பாட்டனாரும் மதகுருக்களாக இருந்த குடும்பத்தில் வளர்ந்து, 1957இல் தமக்கு நேர்ந்த மீட்சியை இறையருளாகவே கருதியவர், அதற்கு நன்றியாகச் சமர்ப்பித்த நான்கு பகுதிப் படைப்பு இது. முதல் பகுதியில் டபுள் பாஸ் நான்கு சுரங்கள் கொண்ட சிறு கோவை ஒன்றைத் தொடங்குகிறது. கோல்ட்ரேன் தம் விரிவுரையின் முடிவில் அந்தக் கோவையைக் கையிலெடுத்து, அடியில் பாஸ் பழைய இடத்திலேயே நிற்க, அதைப் பன்னிரண்டு சுருதிகளிலும் ஒழுங்கற்ற வரிசையில் வைத்து வைத்துப் பார்க்கிறார். கேட்பவருக்கு முதலில் வழி தவறியதுபோலவே தோன்றும். எல்லாச் சுருதிகளையும் தொட்டு மீண்டதும், சாக்சபோன் ஓய்ந்து மனிதக் குரல் அதே நான்கு சுரங்களில் படைப்பின் பெயரை உச்சாடனம் செய்கிறது. அப்போதுதான் அது தொடக்கம் முதல் ஒரு சொல்லாகவே இருந்தது விளங்குகிறது. நான்காம் பகுதியில் இது இன்னும் நுட்பமாகிறது: தட்டின் உறையில் அச்சான, கோல்ட்ரேன் எழுதிய துதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், சாக்சபோன் அதை அசை அசையாக வாய்விட்டுப் படிப்பதைப் பின்தொடரலாம்.

1965 ஜூனில் 11 கலைஞர்களைக் கூட்டிப் பதிந்த 'அசென்ஷன்' முதல், சுருதியும் தாளச் சுற்றும் கரைந்த வெளிக்கு அவர் சென்றுவிட்டார். டைனரும் ஜோன்ஸும் விலக, மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் பியானோவுக்கும் ரஷீத் அலி டிரம்ஸுக்கும் வந்தனர். இந்தக் கடைசிக் காலப் பதிவுகள் சில களைப்பூட்டுவன என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் 1967 பிப்ரவரியில் டிரம்ஸை மட்டும் துணைகொண்டு பதிந்த 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' தெளிவானது: பாஸும் பியானோவும் இல்லாததால், சாக்சபோன் தானே ஆதாரமாகவும் தானே விரிவாகவும் நடப்பது பளிச்சென்று கேட்கிறது.

இந்திய இசையின்பால் அவருக்கிருந்த நாட்டம் பெயரளவினது அன்று. வில்லேஜ் வான்கார்டில் வாசித்த 'இந்தியா' என்னும் படைப்பில் இரண்டு பாஸ் கருவிகளை வைத்து ஆதார சுருதி நிலைக்கச் செய்தார். 1965இல் பிறந்த மகனுக்கு ரவி சங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார். அந்த ரவி கோல்ட்ரேனும் இன்று பெயர்பெற்ற சாக்சபோன் கலைஞர். கணவர் மறைந்த பின் ஆலிஸ், கோவை மாவட்டம் செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரமம் நிறுவிய சுவாமி சச்சிதானந்தரைக் குருவாக ஏற்று, அவர் பெயரிலேயே 1971இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். தம்புராவும் ஹார்ப்பும் இணைந்து ஒலிக்கும் அத்தட்டு, கோல்ட்ரேன் தொடங்கிவைத்த வழியின் அமைதியான கிளை எனலாம்.

கோல்ட்ரேனின் பட்டியல் இன்னும் மூடப்படவில்லை. ஹார்ட்மனோடு வாசிப்பதற்கு முந்தைய நாள் பதிந்த ஒலிநாடா, முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்து, 2018இல் வெளிவந்தது. 'எ லவ் சுப்ரீம்' சியாட்டிலில் மேடையேறிய 1965ஆம் ஆண்டுப் பதிவு 2021இல் வந்தது. 1961 ஆகஸ்டில் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் விடுதியில் ஒலிப்பொறியாளர் ரிச் ஆல்டர்சன் புதிய ஒலிச் சாதனங்களைச் சோதிப்பதற்காக ஒற்றை மைக்கில் பதிந்த நாடா, நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைச் சேகரிப்பில் கண்டெடுக்கப்பட்டு 2023இல் தட்டாயிற்று. ஒற்றை மைக் என்பதால் டிரம்ஸ் முந்தி நிற்கிறது, பாஸ் சில இடங்களில் அமுங்கிவிடுகிறது; ஆயினும் அதன் முதல் உருப்படி 'மை ஃபேவரிட் திங்ஸ்', கோல்ட்ரேனின் சொப்ரானோவுக்கு முன்னால் எரிக் டால்ஃபியின் புல்லாங்குழலோடு தொடங்குகிறது.