மாண்டவர்க்கும் மனையில் இடம்

பெற்றோரை இழந்த மகன் எத்தனை காலம் துக்கம் காக்க வேண்டும்? சுமார் 2,500 வருஷங்களுக்கு முன் சீன தேசத்து ஞானி கன்பூஷியஸிடம் இக்கேள்வி வந்தது. மூன்று வருஷம் அதிகம், ஒரு வருஷம் போதாதா என்றார் ஒரு சீடர். உம் மனம் ஒப்பினால் அப்படியே செய்யும் என்று ஞானி சொல்லிவிட்டார். சீடர் எழுந்து போன பிறகே அவர் மனம் நொந்தார்: குழந்தை பெற்றோர் கையை விட்டு இறங்கவே மூன்று வருஷம் ஆகிறதே!

பிற்காலத்தில் இதுவே சட்டமாயிற்று. மிங் அரசர்களும் மஞ்சு அரசர்களும் ஆண்ட காலத்தில், தாயோ தகப்பனாரோ இறந்தால், உத்தியோகஸ்தர் பதவியை விட்டு ஊர் திரும்பி 27 மாதம் துக்கம் காப்பார். பட்டு உடுத்தலாகாது, சாயமேற்றாத முரட்டுத் துணியே உடை.

துக்க காலம் முடிந்தாலும் உறவு முடிவதில்லை. இறந்தவரின் பெயர் பொறித்த சிறு மரப்பலகை வீட்டுப் பூஜை மேடையில் இடம் பெறும். விசேஷ நாட்களில் அதற்கு ஊதுவத்தி ஏற்றி உணவு படைப்பார்கள். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டுவிட்டால் பெரியவர்கள் இன்றும் குழந்தையைத் தடுக்கிறார்கள். அது மாண்டவருக்குப் படைக்கும் முறையாம். ஏப்ரல் முதல் வாரத்தில் வரும் சிங்மிங் நாளன்று குடும்பத்தோடு சென்று சமாதிகளின் புல்லைக் களைந்து, காகிதப் பணம் எரித்து வருகிறார்கள்.

1966-ல் தொடங்கிய கலாசாரப் புரட்சி இவற்றை மூடப் பழக்கம் என்று பழித்தது. எத்தனையோ வீடுகளில் பெயர்ப் பலகைகள் தீக்கிரையாயின. ஆனால் நினைவு எரியவில்லை. 1976 ஜனவரியில் பிரதம மந்திரி சௌ என்-லாய் காலமானார். சிங்மிங் நெருங்கியதும் பீகிங் நகரத்துத் தியனான்மென் சதுக்கத்தில் ஜனங்கள் மலர் வளையங்களையும் இரங்கற் பாக்களையும் குவித்தார்கள். ஆட்சியாளர்மீது இருந்த கோபமும் அப்பாக்களில் ஒலித்தது. சர்க்கார் இரவோடிரவாக அவற்றை அகற்றியது. ஏப்ரல் 5-ந் தேதி கூட்டம் கொதித்தெழுந்தது, அடக்குமுறை தொடர்ந்தது. 1978-ல் அதே கட்சி அந்த ஜனங்கள் செய்தது சரியே என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2008 முதல் சிங்மிங், சீனாவில் பொது விடுமுறை நாள்.

மாண்டவரை நினைப்பது வீட்டுக் காரியம் என்று நாம் எண்ணுகிறோம். அதைத் தடுக்கப் புகுந்தபோதுதான் அது தேசத்தின் காரியமாகிவிட்டது.