ஆளை முடக்கும் நரம்பு நோய்: ரத்தத்தில் துப்பு சிக்கியது!

சட்டைப் பித்தான் போட விரல் மறுக்கிறது. நடக்கும்போது காலில் இருந்து செருப்பு நழுவுகிறது. "வாயுப் பிடிப்புதான், சரியாப் போயிடும்" என்பார்கள் வீட்டில்.

சிலருக்கு அது வாயு அல்ல. ஏ.எல்.எஸ். என்ற பொல்லாத நரம்பு நோய்!

தசைகளை ஆட்டுவிக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு. பெரும்பாலோர் 2 முதல் 5 ஆண்டுகளில் இறந்து விடுகிறார்கள்.

ஒரு வருடம் வீண்

சிக்காமல் நழுவுவதில் இது பலே கேடி. "இருக்கு", "இல்லை" என்று அடித்துச் சொல்ல இன்றுவரை ஒற்றைப் பரிசோதனை கிடையாது. தசையில் ஊசி செருகி மின் துடிப்பைப் பார்க்கிறார்கள். ஸ்கேன் எடுத்து, மற்ற நோய்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார்கள். அதற்குள் சுமார் ஒரு வருடம் ஓடி விடுகிறது.

கழுத்து எலும்புதான் கோளாறு என்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் உண்டு. பாவம், கத்தி பட்டதுதான் மிச்சம்!

சுவரில் ஓட்டை

இப்போது ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. நரம்பு இழை உடைந்தால், அதில் உள்ள 'நியூரோபிலமெண்ட்' என்ற புரதம் சிதறி முதுகுத்தண்டு நீரிலும் ரத்தத்திலும் கலக்கிறது. கன்னம் வைத்த சுவரடியில் செங்கல் தூள் கிடப்பது மாதிரி! அது எகிறினால் நோய் வேகமாகப் பாய்கிறது என்று அர்த்தம்.

2023 ஏப்ரலில் இதை நம்பியே அமெரிக்க அரசு 'டோபர்சென்' என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. 108 பேரிடம் 28 வாரம் நடந்த சோதனையில், நோயின் ஓட்டம் மட்டுப்பட்டதாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் மருந்து ஏறியவர்கள் ரத்தத்தில் அந்தப் புரதம் பாதிக்கு மேல் இறங்கியது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்த மருந்து. நோயாளிகளில் 100-க்கு 2 பேர்தான் தேறுவார்கள்.

திருடன் யார்?

இதிலும் ஒரு சிக்கல். வேறு நரம்பு நோய்களிலும் இந்தப் புரதம் ஏறும். திருட்டு நடந்தது தெரிகிறது. ஆசாமி யார் என்று தெரியவில்லை!

ஆள் மாறினால் ஆபத்து. நம்ம ஊர் பெயரிலேயே 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' ஒன்று இருக்கிறது. சென்னை டாக்டர்கள் 1970-ல் எழுதி வைத்தது. சின்ன வயசுக்காரர்களைப் பிடிக்கும், காதும் மந்தமாகும். ஆனால் மெல்லத்தான் நகரும். பல்லாண்டு வாழ்கிறார்கள். அவர்களைப் போய் ஏ.எல்.எஸ். என்று சொல்லிவிட்டால், குடும்பமே இடிந்து போகாதா?

ஏ.எல்.எஸ். நோயாளிகளில் 100-க்கு 95 பேருக்கு மேல், நரம்பு செல்லுக்குள் 'டி.டி.பி.-43' என்ற புரதம் கட்டி கட்டியாகத் தேங்குகிறது. 2006-ல் கண்டுபிடித்தார்கள். இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால் தெரியும். உயிரோடு இருப்பவரின் ஒரு சொட்டு ரத்தத்தில் அதைப் பிடிக்கத்தான் இப்போது தேடுதல் வேட்டை நடக்கிறது.