"திடீர்னு கடிச்சிடுச்சு": நாய் அதுக்கு முன்னாடி என்னென்ன சொன்னது?

நாய் கடிச்ச கதையை யார் சொன்னாலும் அதுல ஒரு வரி கட்டாயம் வரும். "சும்மாதாங்க நின்னுச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு." இன்னைக்கு எபிசோட் அந்த "திடீர்னு"ங்கிற வார்த்தையைப் பத்தித்தான். பெரும்பாலும் அது திடீர்னு நடக்கிறதில்ல. நாய் அதுக்கு முன்னாடியே உடம்பால பல தடவை சொல்லியிருக்கும். நமக்குத்தான் படிக்கத் தெரியல.

வாலாட்டினா நட்பா?

"வாலாட்டுது பாரு, ஒண்ணும் பண்ணாது." இதை நம்பிக் கையை நீட்டினவங்க நிறைய பேர். வாலாட்டுறதுக்கு அர்த்தம், நாய் ஏதோ ஒரு உணர்ச்சி வேகத்துல இருக்குங்கிறதுதான். அது சந்தோஷமா, பயமா, கோபமான்னு மீதி உடம்புதான் சொல்லும்.

வால் நடு உயரத்துல இருந்து, இடுப்பும் சேர்ந்து தளர்வா ஆடுதா? நட்பு. கொடிக்கம்பம் மாதிரி மேல தூக்கி, விறைப்பா, நுனி மட்டும் துடிக்குதா? கிட்ட போகாதீங்க. காலுக்கு நடுவுல சுருட்டிக்கிட்டு லேசா ஆட்டுதா? பயப்படுது.

2007-ல இத்தாலி ஆய்வாளர்கள் 30 நாய்களை வச்சு ஒரு பரிசோதனை பண்ணாங்க. தன் ஓனரைப் பார்க்கும்போது வால் நாயோட வலது பக்கம் அதிகமா ஆடுச்சு. அறிமுகமில்லாத, முரட்டுத்தனமான நாயைப் பார்த்தப்போ இடது பக்கம் அதிகமா ஆடுச்சு. தெருவுல நின்னு இதையெல்லாம் அளந்துக்கிட்டு இருக்க முடியாது. ஆனா எல்லா வாலாட்டலும் ஒண்ணு இல்லங்கிறது இதுலயே தெரியுது.

இன்னொண்ணு, இனத்தைப் பொறுத்தும் மாறும். பக் நாயோட வால் எப்பவும் சுருண்டுதான் இருக்கும். கிரேஹவுண்டுக்கு இயல்பாவே தாழ்ந்திருக்கும். அதனால அந்த நாய் சாதாரணமா எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான், இப்ப என்ன மாறியிருக்குன்னு புரியும்.

மொத்த உடம்பையும் பாருங்க

இது புது விஷயம் இல்ல. சார்லஸ் டார்வின் 1872-ல உணர்ச்சிகளோட வெளிப்பாட்டைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அதுல ஒரு நாயை விவரிக்கிறார். யாரோ அந்நியர்னு நினைச்சு விறைப்பா, வாலைத் தூக்கி, முடி சிலிர்த்து, உத்துப் பார்த்துக்கிட்டே நடந்து வருது. கிட்ட வந்ததும் அது தன் எஜமான்னு தெரியுது. உடனே உடம்பு தாழுது, நெளியுது, வால் இறங்கி ஆடுது, காது பின்னாடி படியுது. ஒண்ணு விடாம எல்லாமே தலைகீழா மாறுது.

நாம கத்துக்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: உடம்பு தளர்வா இருக்கா, விறைப்பா இருக்கா? வாய் லேசா திறந்து, கண்ணு மென்மையா, உடம்பு நெளிஞ்சு இருந்தா பிரச்சினை இல்ல. வாயை மூடிக்கிட்டு, அசையாம, உறைஞ்சு போய் நின்னா, அது ரொம்ப சீரியஸ்.

கடிக்கு முன்னாடி இருக்கிற படிகள்

இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஒரு ஏணியா வரைஞ்சு காட்டினார். கீழ்ப்படியில கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்கிக்கிறது. அடுத்து முகத்தைத் திருப்பிக்கும். உடம்பைத் திருப்பிக்கும். எழுந்து விலகிப் போகப் பார்க்கும். காதைப் பின்னாடி படிய வச்சுப் பதுங்கும். வாலை உள்ளே சுருட்டும். மல்லாந்து காலைத் தூக்கும். அதுக்கும் மேல விறைச்சுப் போய் முறைக்கும். அப்புறம் உறுமல். அப்புறம் காத்துல ஒரு கவ்வல். கடைசிப் படிதான் கடி.

ஒவ்வொரு நாயும் எல்லாப் படியும் வரிசையா ஏறும்னு இல்ல. சில நிமிஷத்துலயும் ஏறலாம், சில நொடியிலயும் ஏறலாம். கீழ்ப்படிகள்ல அது கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "கொஞ்சம் தள்ளிப் போ."

ராத்திரி தூக்கத்துல வர்ற கொட்டாவி வெறும் கொட்டாவிதான். ஆனா ஒரு குழந்தை கழுத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கும்போது வர்ற கொட்டாவி வேற. ரீல்ஸ்ல இந்த மாதிரி வீடியோ நிறைய வரும். குழந்தை நாயை இறுக்கிக் கட்டிக்கும். நாய் முகத்தைத் திருப்பிக்கும், உதட்டை நக்கும், கண்ணோட வெள்ளைப் பகுதி பிறை மாதிரி தெரியும். கீழே எல்லாரும் ஹார்ட் போட்டிருப்பாங்க. அந்த நாய் ஏற்கனவே மூணு தடவை "வேண்டாம்"னு சொல்லிடுச்சு.

நாம "தப்பு பண்ணிட்டு முழிக்குது"ன்னு சொல்ற முகமும் இதே கதைதான். 2009-ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வச்சு இதை ஆராய்ஞ்சாங்க. சாப்பிடக்கூடாதுன்னு சொன்ன பண்டத்தை நாய் தின்னுச்சா இல்லையாங்கிறதுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஓனர் திட்டினாங்களா இல்லையாங்கிறதுதான் முடிவு பண்ணுச்சு. அது குற்ற உணர்ச்சி இல்ல, நம்ம கோபத்தைத் தணிக்கப் பார்க்குது.

உறுமினா அடிக்காதீங்க

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கிறதா இருந்தா, இதை வச்சுக்கோங்க. நம்ம ஐடி பாஷையில சொன்னா, உறுமல் ஒரு அலர்ட். சர்வர் சூடாகுதுன்னு அலர்ட் வந்தா, அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டா சர்வர் ஆறிடுமா? உறுமுற நாயைத் திட்டி, அடிச்சு அடக்கினா, அதோட பயம் போகாது. உறுமக்கூடாதுன்னு மட்டும் கத்துக்கும். அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம நேரா கடிக்கு வரலாம். அப்ப நாம "திடீர்னு"ன்னு சொல்லுவோம்.

உறுமினா விலகுங்க. எதுக்கு உறுமுச்சுன்னு யோசிங்க. சாப்பாட்டுத் தட்டா, குழந்தையா, தொட்ட இடமா? இத்தனை நாள் சாதுவா இருந்த நாய் இப்ப தொட்டா உறுமுதுன்னா, காதுலயோ மூட்டுலயோ வலி இருக்கலாம். கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.

நாம என்ன பண்ணலாம்?

தடவுறதுக்கு முன்னாடி நாய் உங்ககிட்ட வரட்டும். தலைக்கு மேல கையைக் கொண்டு போகாம, நெஞ்சுப் பக்கமோ தோள் பக்கமோ மூணு நொடி தடவுங்க. நிறுத்துங்க. திரும்ப உங்க மேல சாய்ஞ்சா இன்னும் வேணும்னு அர்த்தம். முகத்தைத் திருப்பிக்கிட்டா, போதும்னு அர்த்தம். இதைக் குழந்தைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. சின்னப் பசங்களையும் நாயையும் தனியா விடாதீங்க.

தெருநாய் முறைச்சுக்கிட்டு வந்தா ஓடாதீங்க. ஓடினா துரத்தும். கண்ணுக்கு நேரா பார்க்காம, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி, கையைக் கீழே விட்டு நில்லுங்க. அப்புறம் மெதுவா பின்வாங்குங்க. குட்டி போட்ட நாய், சாப்பிடுற நாய், தூங்குற நாய், இந்த மூணையும் அதுங்க பாட்டுக்கு விட்டுடுங்க.

ஒரு எச்சரிக்கை. உடல்மொழியைப் பார்த்து ரேபிஸ் இருக்கா இல்லையான்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது. கடியோ, நகக் கீறலோ, எவ்வளவு சின்னதா இருந்தாலும், நம்ம வீட்டு நாயா இருந்தாலும், உடனே 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தமிழ்நாட்டுல அரசு மருத்துவமனைகள்ல தடுப்பூசி இலவசம். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பிச்சுட்டா, அதுக்கப்புறம் உயிர் பிழைக்கிறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இந்த வாரம் ஒரு சின்ன ஹோம்வொர்க். உங்க தெருவுல, இல்ல அபார்ட்மென்ட் வாசல்ல இருக்கிற நாயைத் தள்ளி நின்னு அஞ்சு நிமிஷம் பாருங்க. யார் வந்தா உடம்பு தளருது, யார் வந்தா விறைக்குதுன்னு கவனிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.